இழை: முடிந்த ஒப்பந்தத்தை முறித்துவைக்கும் நிபுணர்கள்

கூடுதல்நேரம்

நேற்று இடைவேளையில் பழைய டிரான்ஸ்ஃபர்களைப் பற்றி ஒரு தொகுப்பு ஓடியது, பார்த்தீர்களா? தமிழ் வர்ணனையில் உட்கார்ந்திருந்த நிபுணர், சோல் கேம்பல் 2001-இல் டாட்டன்ஹாமிலிருந்து ஆர்சனலுக்கு “ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு இலவசமாக” வந்தார் என்றார். ஒரே மூச்சில் இரண்டு தப்பு.

கேம்பல் எதையும் முறிக்கவில்லை. ஒப்பந்தம் முடிகிறவரை பேசாமல் இருந்தார், முடிந்தது, கிளம்பினார். முடிந்ததற்கும் முறிந்ததற்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 1995 டிசம்பரில் போஸ்மன் தீர்ப்பு வந்ததே அந்த ஓர் எழுத்துக்காகத்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப், போஸ்மன் என்ற தன் வீரரை விட வேண்டுமானால் காசு கொடு என்று பிடித்துவைத்தது. முடிந்தால் முடிந்ததுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

அடுத்தது ‘இலவசம்’. டாட்டன்ஹாமுக்கு ஒரு காசும் போகவில்லை, சரி. கேம்பல் என்ன சும்மாவா விளையாடினார்? கிளப்புக்குப் போக வேண்டிய தொகை மிச்சமானால் அதில் ஒரு பங்கு வீரரின் சம்பளத்திலும் கையெழுத்துத் தொகையிலும் சேரும். ‘மாற்றுத்தொகை இல்லாமல்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

பெஞ்ச்வீரன்

நான் ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பது. ஆயுசு கூடும்.

ரெட்கார்டு

தல, கேட்கிறவர்களுக்குப் புரிந்தால் போதாதா? நிபுணர் என்ன தமிழ்ப் பரீட்சையா எழுதுகிறார்? கேம்பல் போனார், காசு கைமாறவில்லை. அவ்வளவுதானே எல்லாருக்கும் புரிந்தது.

கூடுதல்நேரம்

புரிகிறது, தப்பாகப் புரிகிறது. அதுதான் என் வருத்தமே. ‘முறித்துக்கொண்டு’ என்று பத்து வருடம் கேட்டு வளர்ந்த ஒரு பையன், டாட்டன்ஹாம் ரசிகர்கள் கேம்பலைத் துரோகி என்பதற்குக் காரணம் அவர் ஏதோ சட்டத்தை மீறியதுதான் என்று நம்பிக்கொண்டிருப்பான்.

பழையஜெர்சி

தம்பி, அவர்கள் கோபம் ஒப்பந்தத்தைப் பற்றியதே இல்லை. அவர் அணித்தலைவர். உலகத்தில் இத்தனை கிளப் இருக்க, போயும் போயும் பரம எதிரியான ஆர்சனலுக்கா என்பதுதான் கோபம். அங்கே போய் 2003-04-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் லீகை முடித்த அணியில் நின்றார். எரிகிற நெருப்பில் அது வேறு. ‘துரோகி’ என்ற சொல் ரசிகனின் வாயில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிபுணர் வாயில் வந்தால்தான் இடிக்கும்.

ஆனால் முறிவு என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. 2017-இல் நெய்மார் பார்சலோனாவிலிருந்து பாரிஸ் கிளப்புக்குப் போனதற்கு அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஸ்பெயினில் வீரர் ஒரு தொகையைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்திலிருந்து தானே வெளியேறலாம் என்பது சட்டம். நெய்மாருக்கு அந்தத் தொகை 222 மில்லியன் யூரோ. பார்சலோனா அவரை விற்கவில்லை. நெய்மார் தரப்பு வக்கீல்கள் காசோலையோடு லா லிகா அலுவலகத்துக்குப் போனார்கள், அங்கே வாங்க மறுத்தார்கள், பிறகு பார்சலோனாவிடமே நேராகக் கட்டினார்கள். அசல் முறிவு என்றால் இது. நம் நிபுணர்கள் இதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? “222 மில்லியனுக்கு ஏலம் போனார்.”

நீலச்சட்டை

அந்த ‘ஏலம்’ கிரிக்கெட்டிலிருந்து தொற்றிய நோய் அண்ணே. யாரோ சுத்தியலைத் தட்டி மூன்று எண்ணி நெய்மாரை பாரிஸுக்குக் கொடுத்த மாதிரி. கால்பந்தில் சுத்தியலும் கிடையாது, மேசையும் கிடையாது. இரண்டு கிளப், ஒரு வீரர், நாலு ஏஜென்ட், ஒரு வக்கீல், கடைசி நாள் ராத்திரி.

பெஞ்ச்வீரன்

கடைசி நாள் ராத்திரி என்றதும் மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டி கெயா. 2015 ஆகஸ்ட் 31. ரியால் மாட்ரிடுக்குக் காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, மனிதர் மான்செஸ்டரிலேயே இருந்தார். அதைக்கூட ஒருவர் “மனம் மாறினார்” என்றார். மாறவேண்டியது மனம் இல்லை ஐயா, காகிதம்.

கூடுதல்நேரம்

2017-இல் லெஸ்டர் கிளப் வாங்கிய ஏட்ரியன் சில்வாவின் காகிதம் 14 விநாடி தாமதம். ஜனவரிவரை அவரால் விளையாட முடியவில்லை. அங்கே ‘நூலிழையில் தவறியது’ என்று சொல்லலாம், மனதாரச் சம்மதம். ஆனால் கம்பத்துக்கு நாலடி வெளியே போகிற பந்துக்கெல்லாம் ‘நூலிழை’ என்றால், அது என்ன நூல், கயிறா?

சொல்லேர்

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வீரரை ‘கடனாக’ அனுப்பினார்கள் என்று எல்லாரும் எழுதுகிறோம். பத்திரிகையிலும் அதுதான், வர்ணனையிலும் அதுதான். தமிழில் கடன் வேறு, இரவல் வேறு. கடன் வாங்கிய நெல்லை அளந்து திருப்பிக் கொடுக்கலாம், அதே நெல்லாக இருக்கத் தேவையில்லை. இரவல் வாங்கிய நகையை அதே நகையாகத்தான் திருப்ப வேண்டும். வீரர் விஷயத்தில் நடப்பது இரவல். அதே ஆள், அதே கால், கொஞ்சம் தேய்ந்து திரும்பி வருவார். மற்ற பல மொழிகள் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கின்றன. நமக்கு இரண்டு சொல் இருந்தும் தப்பான சொல்லை எடுக்கிறோம்.

நீலச்சட்டை

ஐயா, இது பிரமாதம். இனி நான் இரவல்தான். இதற்கு எங்கள் செல்சியை விட நல்ல உதாரணம் கிடையாது. கோல்கீப்பர் கோர்ட்வாவை 2011-இலிருந்து மூன்று பருவம் அத்லெடிகோ மாட்ரிடுக்கு இரவல் கொடுத்தோம். 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் எங்களுக்கு எதிராகவே வந்து நின்றார். அவரை இறக்கினால் பணம் கட்ட வேண்டும் என்று இரவல் பத்திரத்தில் இருந்தது. அது செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ சொல்லிவிட்டது. முதல் ஆட்டம் 0-0, எங்கள் மைதானத்தில் 1-3. எங்கள் நகையைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே வந்தார்கள்.

இன்னொன்று இருக்கிறது, சொல்லவே வெட்கம். லுகாகுவை 2021-இல் இன்டர் மிலானிடமிருந்து 97.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினோம். அடுத்த கோடையில் அதே இன்டருக்கு இரவல் கொடுத்தோம்.

பெஞ்ச்வீரன்

விற்றவனுக்கே இரவல். இதற்கும் ஒரு சொல் கொடுங்கள் ஐயா.

சொல்லேர்

அதற்கு இருக்கிற சொற்களை இங்கே எழுத முடியாது.

பழையஜெர்சி

இரவல் என்று பெயர் வைத்துக்கொண்டு இரவலே இல்லாததும் உண்டு. எம்பாப்பே 2017-இல் மொனாகோவிலிருந்து பாரிஸுக்கு இரவலாகத்தான் வந்தார், காகிதத்தில். அடுத்த வருடம் 180 மில்லியன் யூரோ என்பது அப்போதே பேசி முடித்தது. நெய்மாருக்கு 222 மில்லியன் கொட்டிய அதே கோடையில் இதையும் கணக்கில் காட்டினால் நிதி விதிகள் கழுத்தைப் பிடிக்கும், அதனால் ஒரு வருடம் தள்ளினார்கள். இதற்கு மட்டும் ‘கடன்’ பொருந்தும் போலிருக்கிறது. ஐயா மன்னிக்க.

ரெட்கார்டு

சரி, சொல் ஆராய்ச்சி போதும். டிரான்ஸ்ஃபர் பேசுவோம். என் கணக்கில் வரலாற்றிலேயே நல்ல விற்பனை கூட்டினியோ. 2018 ஜனவரியில் எங்கள் லிவர்பூல் அவரை பார்சலோனாவுக்குக் கொடுத்தது, எல்லாம் சேர்ந்தால் 142 மில்லியன் பவுண்டு வரை போகும் என்றார்கள். அந்தக் காசில் வான் டைக்கை வாங்கினோம், அலிசனை வாங்கினோம், கோப்பையை வாங்கினோம். முடிந்தது கதை.

பழையஜெர்சி

தேதியைப் பார் தம்பி. வான் டைக்குக்கு சவுத்தாம்டனோடு 75 மில்லியன் பவுண்டுக்குப் பேசி முடித்து அறிவித்தது 2017 டிசம்பர் 27. கூட்டினியோ போனது ஜனவரி 6. வராத காசில் வாங்கினீர்களா? அலிசன் விஷயத்தில் நீ சொல்வது நிற்கும், அவர் அந்தக் கோடையில் ரோமாவிலிருந்து வந்தவர்.

ரெட்கார்டு

அண்ணே, பத்து நாள் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் எப்படி? முந்தைய கோடையிலேயே பார்சலோனா கூட்டினியோவுக்குத் துரத்தித் துரத்திக் கேட்டது. ஆள் போகப்போகிறார், பெரிய தொகை வரப்போகிறது என்று கிளப்புக்குத் தெரியாதா? மாதக் கடைசியில் சம்பளம் வரும் என்று தெரிந்தவன் முன்னாலேயே செலவு செய்வதில்லையா? போதாததற்கு எந்த டிரான்ஸ்ஃபர் தொகையும் ஒரே நாளில் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை, தவணைதான்.

பழையஜெர்சி

அது நியாயம். ‘அந்தக் காசை நம்பி வாங்கினோம்’ என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். ‘அந்தக் காசில்’ என்றால் மாட்டேன்.

கூடுதல்நேரம்

பார்த்தாயா ரெட்கார்டு, சொல் ஆராய்ச்சி வேண்டாம் என்று நீ ஆரம்பித்தது ஒரு வேற்றுமை உருபில் வந்து நிற்கிறது.

ரெட்கார்டு

😐

கூட்டினியோ கதையின் மீதியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2020 ஆகஸ்டில் பார்சலோனா அவரை பேயர்ன் மியூனிக்குக்கு *இரவல்* கொடுத்திருந்தது (போதுமா ஐயா?). சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பேயர்ன் 8, பார்சலோனா 2. மாற்று வீரராக இறங்கிய கூட்டினியோ கடைசி இரண்டு கோலையும் போட்டார். அன்று ‘பார்சலோனா மண்ணைக் கவ்வியது’ என்று சொன்னவர் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. 1-0 தோல்விக்கெல்லாம் அதே மண்ணைக் கவ்வவைத்துவிட்டு, 8-2 வந்தபோது வேறு சொல் இல்லாமல் அவர்கள் தவித்ததுதான் வேடிக்கை.

நீலச்சட்டை

டிரான்ஸ்ஃபர் என்றாலே லிவர்பூல்காரர்கள் லாபக் கணக்கு மட்டும் சொல்வார்கள். 2011 ஜனவரி 31-ஐச் சொல் ரெட்கார்டு. டாரஸை எங்களுக்கு 50 மில்லியன் பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டி கேரலை 35 மில்லியனுக்கு வாங்கினீர்கள். 58 ஆட்டத்தில் 11 கோல். நல்ல வியாபாரம்.

ரெட்கார்டு

அதே வாரம் சுவாரெஸும் வந்தார், 22.8 மில்லியன். அதை வசதியாக மறந்துவிடு. 2013-14 லீகில் மட்டும் 33 ஆட்டத்தில் 31 கோல். ஏறக்குறைய மூன்று மடங்கு விலைக்கு பார்சலோனாவுக்கு விற்றோம். டாரஸ் எங்களிடம் 142 ஆட்டத்தில் 81 கோல் போட்டவர், உங்களிடம் 172 ஆட்டத்தில் 45. எது தோல்வி என்று நீயே சொல்.

நீலச்சட்டை

இதைத்தான் எதிர்பார்த்தேன். டாரஸ் என்றதும் நிபுணர் வாயில் ‘படுதோல்வி’. அதே ஆள் எங்களிடம் இருந்தபோது 2012-இல் சாம்பியன்ஸ் லீக், எஃப்ஏ கோப்பை, 2013-இல் யூரோப்பா லீக் வாங்கினார். யூரோப்பா இறுதியாட்டத்தில் கோலும் போட்டார். படுதோல்வி அடைந்தவர்களுக்கு இப்படிக் கோப்பை கொடுப்பார்கள் என்றால் நானும் தோற்கத் தயார்.

பழையஜெர்சி

கோப்பை வாங்கிய அணியில் இருந்தார் என்பதும், கொடுத்த காசுக்கு ஆடினார் என்பதும் வேறு வேறு நீலம். நான் லிவர்பூல் காலத்து டாரஸைப் பார்த்தவன். தடுப்பாட்டக்காரரின் தோளுக்குப் பின்னாலிருந்து கிளம்பினால் பிடிக்க ஆள் கிடையாது. முழங்கால் அறுவைக்கும் தசைக் காயங்களுக்கும் பிறகு அந்த முதல் மூன்று எட்டு போய்விட்டது. செல்சி வாங்கியது 2008-இன் டாரஸை, வந்து சேர்ந்தது 2011-இன் டாரஸ். ஆகவே ‘தோல்வி’ டாரஸுக்கா, வாங்கியவர்களுக்கா? ‘தோற்ற டிரான்ஸ்ஃபர்’ என்றால் சரி. ‘தோற்ற வீரர்’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நீலச்சட்டை

அண்ணே சொன்னால் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பார்சலோனாவின் கேம்ப் நூ மைதானம், 2012 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அந்த ஒரு கோலுக்கே 50 மில்லியன் தகும்.

கூடுதல்நேரம்

அந்த ஆட்டத்தை நினைவுபடுத்தினாய், ஒரு சொல் கதை இருக்கிறது. காயம்பட்ட அணியைப் பற்றி ஆங்கில நிபுணர்கள் ‘டெசிமேட்டட்’ என்று அடிக்கடி சொல்வார்கள். நாசமாகிவிட்டது என்ற பொருளில். சொல்லின் வேர் ரோமப் படையில் இருக்கிறது. ஒழுங்கு மீறிய படைப்பிரிவில் பத்துக்கு ஒருவரைச் சீட்டுப் போட்டுக் கொல்வது அங்கே தண்டனை. பத்தில் ஒன்று, அவ்வளவுதான். இலக்கணச் சண்டைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, எந்த அணியும் டெசிமேட் ஆக முடியாது என்பார்கள்.

முடியும். கோல்கீப்பரை விட்டால் களத்தில் பத்துப் பேர். அன்று கேம்ப் நூவில் முதல் பாதியிலேயே ஜான் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்தில் ஒன்று போனது, செல்சி சுத்தமாக ரோம முறைப்படி டெசிமேட் ஆனது. அப்படியே நின்று, கடைசி நிமிடங்களில் டாரஸ் தனியாக ஓடி கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினார். ஆட்டம் 2-2, இரண்டு ஆட்டமும் சேர்த்து செல்சிக்கு 3-2.

நீலச்சட்டை

அப்போது வர்ணனையில் இருந்த கேரி நெவில் எழுப்பிய ஒலி! அது சொல்லே இல்லை, ஒரு நீண்ட முனகல். நிபுணர் ஒருவர் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்தாத அபூர்வ தருணம்.

பெஞ்ச்வீரன்

சொல்லைப் பயன்படுத்தாவிட்டால் தப்பாகப் பயன்படுத்த முடியாது. என் ஒலிக்குறைப்புக் கொள்கைக்கு வெற்றி.

ரெட்கார்டு

ஆங்கிலத்தில் ‘லிட்டரலி’ என்றால் டிவி நிபுணர் ஜேமி ரெட்னாப் நினைவு வரும். ‘எழுத்துக்கு எழுத்து நிஜமாக’ என்று பொருள்படும் சொல், அவர் எதற்கும் போடுவார். நம் ஆட்களுக்கு அது ‘உண்மையிலேயே’. பந்து உண்மையிலேயே ராக்கெட், தடுப்பாட்டக்காரர் உண்மையிலேயே சுவர். போன மாதம் ஒருவர், ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடமிருந்து வீரரை “உண்மையிலேயே கடத்திவிட்டது” என்றார். போலீஸைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன்.

பழையஜெர்சி

கடத்தல் என்ற சொல் வில்லியனுக்குப் பொருந்தும் என்பார்கள். 2013-இல் டாட்டன்ஹாமில் மருத்துவப் பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு செல்சிக்குப் போனார். ஆனால் அவர் தன் காலால் நடந்து போனவர், யாரும் சாக்கில் கட்டித் தூக்கவில்லை.

நிஜமான கதை ஒன்று உண்டு. ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ. 1953-இல் அவருக்கு இரண்டு கிளப் உரிமை கொண்டாடின, அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டும் கொலம்பியாவின் மில்லோனாரியோஸும். பார்சலோனா ஒன்றோடு பேசியது, ரியால் மாட்ரிட் மற்றதோடு பேசியது. ஸ்பெயின் கூட்டமைப்பு ஒரு தீர்ப்பு சொன்னது: ஒரு பருவம் அங்கே, ஒரு பருவம் இங்கே, மாறி மாறி ஆடட்டும். பார்சலோனா கோபித்துக்கொண்டு விலகியது. மாட்ரிட் 1956 முதல் 1960 வரை முதல் ஐந்து ஐரோப்பியக் கோப்பையையும் தூக்கியது, ஐந்து இறுதியாட்டத்திலும் டி ஸ்டெஃபானோ கோல் போட்டார். மாட்ரிட் அவரைக் கடத்தியது என்று பார்சலோனாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

1963 ஆகஸ்டில் மாட்ரிட் அணி வெனிசுவேலாவின் கராகஸுக்கு ஆடப் போயிருந்தது. ஆயுதக் குழு ஒன்று போலீஸ் வேடத்தில் ஹோட்டலுக்கு வந்து டி ஸ்டெஃபானோவைத் தூக்கிக்கொண்டு போனது. உலகத்தின் கவனத்தை இழுப்பதுதான் நோக்கம். இரண்டு நாளுக்கு மேல் வைத்திருந்து, ஒரு கீறலும் இல்லாமல் விட்டார்கள். ‘உண்மையிலேயே கடத்தப்பட்டார்’ என்று சொல்லத் தகுதியான வீரர் அவர். 1981-இல் பார்சலோனாவின் கீனி, 25 நாள். என் ஞாபகத்தில் இந்த இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு வேறு சொல் தேடுங்கள்.

பெஞ்ச்வீரன்

அண்ணே, ஒலியைக் கூட்டிவிட்டேன். உங்களுக்கு மட்டும்.

சொல்லேர்

வேறு சொல் கேட்டதால். நம் புறத்திணையில் இந்த விவகாரத்துக்கெல்லாம் பூ வைத்திருக்கிறார்கள். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துவந்தால் வெட்சி. பறிகொடுத்தவர் மீட்டால் கரந்தை. கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி. வென்றால் வாகை. அந்த ‘வாகை சூடினர்’ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, டிராவுக்குக்கூடச் சொல்கிறார்கள்.

நீலச்சட்டை

அப்படியென்றால் ஃபீகோ 2000-இல் பார்சலோனாவிலிருந்து மாட்ரிடுக்குப் போனது சரியான வெட்சி. ஃபீகோவைக் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் ஃப்ளோரென்டினோ பெரெஸ் மாட்ரிட் கிளப் தலைவர் தேர்தலிலேயே நின்றார். 2002-இல் கேம்ப் நூவில் அவர் கார்னர் எடுக்கப்போனபோது பன்றித் தலை வந்து விழுந்தது. பூ இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று.

ரெட்கார்டு

போக்பா: 2012-இல் மான்செஸ்டர் யுனைடெடிலிருந்து யுவென்டஸ் கொண்டுபோனது வெட்சி. 2016-இல் மான்செஸ்டர் யுனைடெட் 89 மில்லியன் பவுண்டு கொட்டி மீட்டது கரந்தை. 2022-இல் ஒப்பந்தம் *முடிந்து* மறுபடி யுவென்டஸ். மாடு தானாகவே நடந்து போய்விட்டது. அதற்கென்ன பூ?

சொல்லேர்

அதற்குப் பூ இல்லை தம்பி. அது மாட்டின் விருப்பம்.

பழையஜெர்சி

1992-இல் கான்டோனா லீட்ஸிலிருந்து மான்செஸ்டர் யுனைடெடுக்குப் போனதும் அந்த வகைதான். லீட்ஸ் தரப்பிலிருந்து யுனைடெடுக்கு ஃபோன் செய்தது டெனிஸ் இர்வினைக் கேட்க. பேச்சு திரும்பி, கான்டோனாவை அவர்களே 1.2 மில்லியன் பவுண்டுக்குக் கொடுத்தார்கள். அந்த வருடம் லீக் சாம்பியன் லீட்ஸ். 26 வருடமாகப் பட்டம் பார்க்காத யுனைடெட் அடுத்த மே மாதம் தூக்கியது. கவர வந்தவர் தன் மாட்டையே விட்டுவிட்டுப் போன கதை.

யுனைடெட் என்றதும் டிவி நிபுணர் ஆலன் ஹேன்சனையும் சொல்லிவிடுகிறேன். 1995 கோடையில் இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூவரையும் விற்றார்கள். முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 தோல்வி. சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்றார் ஹேன்சன். அந்த வருடமே லீகும் எஃப்ஏ கோப்பையும் வந்தன. முப்பது வருடமாகச் சிரிக்கிறோம். ஆனால் அந்த அணியில் ஷ்மைக்கேல், புரூஸ், பாலிஸ்டர், இர்வின், கீன் இருந்தார்கள், தடை முடிந்து அக்டோபரில் கான்டோனா வந்தார். பையன்கள் மட்டும் ஜெயிக்கவில்லையே? கணிப்பு பொய்த்தது உண்மை. ஆனால் ஹேன்சன் முட்டாள் இல்லை, ‘பையன்கள்’ என்ற ஒரு சொல்லைக் கொஞ்சம் அகலமாக விரித்துவிட்டார்.

கூடுதல்நேரம்

அண்ணே, இது வேறு எங்கும் கிடைக்காத விளக்கம். கான்டோனா டிரான்ஸ்ஃபர்தான் இங்கிலாந்துக் கால்பந்தின் தலையெழுத்தையே உண்மையிலேயே புரட்டிப்போட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

பெஞ்ச்வீரன்

‘உண்மையிலேயே’.

ரெட்கார்டு

‘மிகையாகாது’. அப்புறம் தலையெழுத்தை எப்படித் தல புரட்டிப்போடுவது?

கூடுதல்நேரம்

அவசரத்தில் எழுதிவிட்டேன். திருத்த முடியவில்லை, திருத்தும் நேரம் முறிந்துவிட்டது.

நீலச்சட்டை

முடிந்துவிட்டது.